டிராயரில் கிடக்கும் பவளத்தின் விண்ணப்பம்

மே 12, 2025, திங்கள்

எழுந்ததும் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். பிறகுதான் பல் தேய்க்கப் போனேன். பக்கவாதம் வந்து பதினோரு மாதம். இந்தப் பயம் மட்டும் போகவில்லை.

ஆறு மணிக்கு எதிர்ச்சாரி வீட்டுப் பவளம் வந்தாள். அவள் வந்தால்தான் நான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். தண்ணீராக எது கொடுத்தாலும் அப்பாவுக்கு மூச்சுக்குழலில் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் எல்லாமே கெட்டிக் கேழ்வரகுக் கூழ்தான். ஒரு கரண்டி கொடுத்து, தொண்டையில் இரண்டு விரல் வைத்து, இறங்கிவிட்டதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த கரண்டி. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். “முயுங்கு நைனா. இன்னா அவசரம், உனக்கு இன்னா ஷிப்டா கீது?” என்பாள். அப்பா பாதி வாயால் சிரிப்பார்.

நான் கிளம்பும்போது ஒரு கவரை நீட்டினாள். எங்கள் கம்பெனிக்கு வேலை விண்ணப்பம். ஆளெடுக்கும் பிரிவில் இருப்பவள் நான், என்னிடம்தானே கொடுப்பாள். “பொண்ணு பதினொண்ணாவது போவுதுக்கா. எனக்கும் பிஎஃப், ஈஎஸ்ஐன்னு ஏதாச்சும் வேணும்ல.”

வாங்கிக்கொண்டேன். சிரித்தேனா? ஞாபகமில்லை.

மே 14, புதன்

சீனாவில் நடந்துகொண்டிருந்த, காருக்கு வயர் கட்டும் வேலை ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்கு வருகிறது. எங்களுக்கு இரண்டாவது லைன். ஜூன் 9-ஆம் தேதி சேர, எங்கள் உத்திரமேரூர் பக்கத்திலிருந்து மட்டும் நாற்பது பெண்கள் வேண்டுமாம். பொறுமையான கைகளாகப் பார்த்து எடுங்கள் என்றார் மேனேஜர்.

பவளத்தின் கவர் என் டிராயரில்.

மே 16, வெள்ளி

பஸ்ஸிலிருந்து நாங்கள் இறங்கும்போது மஞ்சுளா அத்தை பேரப்பிள்ளைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் மருமகளும் எங்கள் கம்பெனிதான்.

“ஊருல கீற பொம்பளைங்க அத்தினி பேரையும் பஸ்ல ஏத்திக்கினு பூட்ட. நாளைக்கு எவனாச்சும் செத்தா, லீவு எழுதிக் குட்த்துட்டுதான் அழ வருவாளுங்களா?”

“நீங்க இருக்கீங்களே அத்தை.”

“நான் செத்தா?”

கூட இறங்கிய எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மே 18, ஞாயிறு

டொரொண்டோவிலிருந்து தம்பி தினேஷ்குமார் பேசினான். “ஏஜென்சில நர்ஸ் போட்டுடுக்கா, பணத்த நான் பாத்துக்கறேன்.” போட்டுப் பார்த்தாயிற்று. ஒருத்தி வந்தாள், செல்லுக்கு சிக்னல் இல்லை என்று மூன்றாம் நாள் போய்விட்டாள். அவனிடம் இதைப் போன மாதமே சொன்னேன்.

மே 21, புதன்

கவரைப் பிரித்துப் பார்த்தேன். ஆதாரில் பிறந்த தேதி 1.6.1990. பவளம் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று ஊருக்கே தெரியும். பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் அந்த வகுப்பு முழுவதற்கும் ஜூன் ஒன்றைப் போட்டுவிட்டார். எனக்குக்கூட அப்படித்தான்.

பட்டியலில் பெயர் ஏறும் நாளில் முப்பத்தைந்து முடிந்தவர்களைக் கம்பெனி எடுப்பதில்லை. அவளுக்கு உண்மையில் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. காகிதத்தில் பத்து நாள்.

அதுவரை கவர் டிராயரிலேயே கிடந்தால் போதும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இதை எழுதியது நான்தானா?

மே 25, ஞாயிறு

இன்று நான் ஊட்டினேன். அப்பா வாயைத் திறந்தாரே என்று அடுத்த கரண்டியைக் கொடுத்துவிட்டேன், முதல் வாய் இறங்கவே இல்லை. இருமல் வந்து நின்றுபோனது. உதடு நீலம். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. தெருவில் பாதிப் பேர் ஓவர்டைம் போயிருந்தார்கள். பவளம் ஈரத் தலையோடு ஓடிவந்து அவரை முன்னால் சாய்த்து, வாயிலிருந்ததை வழித்துப் போட்டாள். மூச்சு வந்தது.

“ஒண்ணும் இல்லக்கா. நீ போய் உக்காரு.”

இவளை எப்படி அனுப்புவேன்? முடியாது. என்னால முடியாது, அவ்ளோதான்.

மே 27, செவ்வாய்

முப்பத்தொன்பது பேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. அவள் இல்லை.

மே 29, வியாழன்

“இன்னாக்கா, நம்ம ஃபாரம் இன்னா ஆச்சு?”

“பாத்துக்கினு இருக்காங்க” என்றேன். அவள் பேசுவது போலவே பேசிப் பொய் சொன்னேன்.

“கெடைக்கலன்னா வுடுக்கா. நீ சொல்லியே எடுக்கலன்னா வேற எவன் எடுக்கப் போறான். அதுக்குப் போயி மூஞ்ச இப்படி வெச்சிக்கினு கீற.”

என்னைத் தேற்றிவிட்டுக் கூழ் கிண்டப் போனாள். மதியம் கம்பெனியில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மே 30, வெள்ளி

நாளை மதியத்தோடு பட்டியலை மூடுகிறார்கள். இன்னும் ஒரு இடம் காலி. “உங்க ஊர்ல இனிமே யாருமே இல்லையா மேடம்?” என்றார் மேனேஜர். பார்க்கிறேன் சார் என்றேன்.

பவளத்துக்குச் சம்பளம் கொடுக்கிறேன், தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறேன். அதற்காக அவளுக்கு உண்மையில் மிச்சமிருக்கும் ஐந்து மாதத்தை நான் எடுத்துக்கொள்ளலாமா? அவள் நல்லதுக்குத்தான் யோசிக்கிறேன் என்று எழுதினால் அதுவும் பொய். காலையில் அவளுக்குக் கதவைத் திறக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதுதான்.

நாளை போனதும் முதலில் அவள் பெயரை ஏற்றிவிடுவேன். எனக்கு இருபத்திரண்டு நாள் லீவு இருக்கிறது. அது தீர்ந்தால் சம்பளமில்லாமல் மூன்று மாதம் கேட்பேன். தராவிட்டால் விட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என்னை நிமிர்த்தி வைத்த வேலை. நாற்பத்தாறு வயதில் திரும்ப யார் எடுப்பார்கள்? தெரியாது.

ஒன்பதாம் தேதி பஸ்ஸில் பவளம் ஏறுவாள். நான் ஏற மாட்டேன்.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அப்பா இருமுகிறார். போய்ப் பார்க்க வேண்டும்.