வேலியை எட்டிப் பார்த்த செடி

நவம்பர் 8

போன வாரம் சமூகக்கூடத்தில் நான் பேசி முடித்ததும் பின்வீட்டுக்காரர் தாவோர் எழுந்து கேட்டதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. "டீச்சர், இதுல ஆம்பளச் செடி எது, பொம்பளச் செடி எதுன்னு எப்பத் தெரியும்? எங்க வீட்டுல யாரு ஆம்பளைன்னே எனக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது." கூடமே சிரித்தது.

தலைப்பு 'முதன்முறையாகக் கஞ்சா வளர்ப்பவர்களுக்கு'. இந்த ஊரில் தலைக்கு இரண்டு செடி வளர்க்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, தக்காளிகூட வளர்க்காதவர்கள் எல்லாம் தொட்டி வாங்கிவிட்டார்கள். உயிரியல் ஆசிரியை என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். தாவோருக்கு உதாரணத்தோடுதான் சொன்னேன். தக்காளியில் ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் உண்டு. பூசணியில் ஒரே கொடி, பூக்கள் வேறு. கஞ்சாவில் செடியே வேறு. கோடை பாதி போகும்வரை தெரியாது. பிறகு இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில் பார்க்க வேண்டும். இரண்டு வெள்ளை இழை நீட்டினால் பெண். இழை இல்லாமல் குட்டித் திராட்சை மாதிரி உருண்டை தொங்கினால் ஆண். ஆண் என்றால் அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். அதன் மகரந்தம் வேலி, தெரு எதுவும் பார்க்காது. அது பட்ட பெண் செடி தன் சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிடும், பூவில் ஒன்றும் மிஞ்சாது.

கைதட்டினார்கள். நன்றாகத்தான் பேசினேன்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு இனிதான் கோடை; நவம்பர் தொடக்கத்தில் வரும் குதிரைப் பந்தய நாள் கடந்துவிட்டது, இனி உறைபனி இருக்காது. என் இரண்டு நாற்றுகளையும் வடக்கு வெயில் விழும் வேலியோரம் இறக்கினேன்.

நவம்பர் 29

தாவோர் தன் செடிக்கு மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றுகிறார். ஒற்றைச் செடிதான், யாரோ கொடுத்த விதை. விரலை மண்ணுக்குள் விடுங்கள், இரண்டாவது கணுவரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள் என்றேன். வகுப்பில் எல்லாப் பதிலையும் நாமே சொல்லிவிட்டால் பிள்ளைகள் யோசிக்க மாட்டார்கள். அதுபோலத்தான் எந்நேரமும் ஈரம் இருந்தால் வேர் தண்ணீரைத் தேடிப் போகாது. தலையாட்டினார். மாலையில் மறுபடி குழாயோடு நிற்கிறார்.

டிசம்பர் 20

இரண்டில் ஒன்று விறுவிறுவென்று மேலே போகிறது. பக்கத்து வீட்டு மெரிலின் ஊன்றுகோலைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். "என்னடி நோலீன், பள்ளிக்கூடத்துல கொடிக்கம்பம் இல்லாத குறைக்கு வளக்கறியா?" எல்லாம் என் மட்கிய உரம் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவளுக்கு இது விளையாட்டில்லை. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள். நரம்பு நோய் வந்து கால்கள் இரவில் கயிறாக முறுக்கிக்கொள்கின்றன. போன வருடம் தன் செடியின் பூவை வைத்துத்தான் குளிர்காலம் முழுக்கத் தூங்கினாளாம். கடையில் வாங்கும் மருந்து கட்டுப்படியாகவில்லை. வியாழன்தோறும் தாவோர் அவளைச் சுடுநீர்க் குளத்துக்குக் கூட்டிப்போகிறார். அது முடிந்துவந்தால் அன்றைக்குக் கொஞ்சம் நடப்பாள்.

ஜனவரி 13

வெயில். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 5

உயரமான செடியின் கணுவில் ஒரு உருண்டை. ஒன்றுதான். இழை இன்னும் வரவில்லை போலிருக்கிறது. சில பெண் செடிகளில் மெதுவாகத்தானே வரும்? லென்ஸ் எடுத்துப் பார்த்திருக்கலாம். சூட்கேஸ் எடுத்து வைக்கிற வேலையில் விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகு கடற்கரைக்குப் போவது ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் உரிமை. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 19

திரும்பி வந்து பார்த்தால், உயரமான செடியில் உருண்டை கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பாதிக்கு மேல் விரிந்துவிட்டது. கிளையைத் தொட்டதும் கை மஞ்சளாகிவிட்டது, கீழ் இலையெல்லாம் மஞ்சள் மாவு.

வெட்டினேன். துண்டு துண்டாக்கித் தோட்டக் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போட்டு மேலே புல்லைக் கொட்டினேன். ஏன் புல்லைக் கொட்டினேன்? தொட்டிக்குள் எட்டிப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

காற்று மெரிலின் வீட்டுப் பக்கம்தான் அடிக்கிறது.

பிப்ரவரி 20

"கொடிக்கம்பம் எங்கடி?" என்று கேட்டாள் மெரிலின். தண்டு அழுகிவிட்டது என்றேன். என் வாய்தான் சொன்னது.

மார்ச் 28

மெரிலின் உள்ளங்கையை நீட்டினாள். பூவைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே முழுக்க விதை, சாம்பல் நிறத்தில், வரி வரியாக. செடி முழுவதும் இப்படித்தானாம். என் இன்னொரு செடியும் இப்படித்தான் இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். அதைச் சொன்னேன், ஏதோ நானும் அவளோடு சேர்ந்து பறிகொடுத்தவள் போல.

"தாவோர்தான். கண்ட விதையப் போட்டு வளத்தாரு. பிப்ரவரில திடீர்னு பிடுங்கியும் எறிஞ்சிட்டாரு, பாத்தியா? தெரிஞ்சுதான் பிடுங்கியிருக்காரு."

அவர் பிடுங்கியது தண்ணீர் அதிகமாகி வாடியதால். எனக்குத் தெரியும், பார்த்தேன். "அப்படியும் இருக்கலாம்" என்றேன்.

இருக்கலாம். என்ன வார்த்தை அது.

ஏப்ரல் 2

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

தாவோர் காலையில் வந்தார். மெரிலின் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாளாம். கையில் செய்தித்தாளில் சுற்றிய காய்ந்த செடி. பிடுங்கியதை எறிய மனம் வராமல் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறார். "எனக்குப் பாக்கத் தெரியாது டீச்சர். நீங்க பாத்துச் சொல்லுங்க. ஆம்பளையா இருந்தா நான் போய் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்."

மேசையில் விரித்தேன். லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. கணுவுக்குக் கணு இரண்டிரண்டு இழை, காய்ந்து பழுப்பாகி, ஆனால் இருந்தன. ஒரு உருண்டை இல்லை. எந்தக் குழந்தையும் சொல்லும்.

"ரொம்பக் காய்ஞ்சு போச்சு தாவோர். இனிமே சொல்ல முடியாது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று. பிறகு செய்தித்தாளைப் பொறுமையாக மடித்தார். "அப்ப என்னோடதாத்தான் இருக்கும். உங்களோடது இருக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே."

நேரே மெரிலின் வீட்டுக்குப் போனார். சமையலறை ஜன்னலில் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

முப்பது வருடமாகத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்வதற்கு என்ன பெயர், நோலீன்?

ஏப்ரல் 11

மெரிலின் இரண்டு வியாழனாகக் குளத்துக்குப் போகவில்லை. இன்று தாவோர் வந்து ஹார்ன் அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம், மெதுவாக. கதவு திறக்கவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மிஞ்சிய பூவையாவது அவளுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். விதையை நீக்கினால் கொஞ்சம் தேறும். ஆனால் வளர்த்ததை இன்னொருவருக்குக் கொடுப்பது குற்றம். அதோடு... கொடுத்தால் நல்லவள் என்றல்லவா பெயர் வாங்குவேன்?

ஏப்ரல் 24

முதல் உறைபனி. மெரிலின் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள், ஊன்றுகோல் ஒரு கையில், தொட்டி ஒரு கையில். அது தாவோர் செய்துகொடுக்கிற வேலை. பாதியில் கால் இழுத்துக்கொண்டது. தொட்டியின் மேல் சாய்ந்து நின்றாள்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். அங்கேயே சொன்னேன். உயரமான செடி, உருண்டை, கடற்கரை, புல், தாவோரின் செடி. எல்லாம். அவள் என்னைத் திட்டவில்லை. என் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்ற? அந்த மனுஷன்கிட்டப் போய்ச் சொல்லு."

போனேன். தாவோர் கொட்டகையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன். தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவர் கேட்டது:

"அப்ப என்னோடது பொம்பளையா?"

"பொம்பளதான்."

"நல்லா வந்திருந்துதா?"

"ரொம்ப நல்லா வந்திருந்துது. தண்ணி மட்டும்தான் அதிகம்."

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை. அதுவும் கொஞ்ச நேரம்தான். "நான் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியாம, கடைக்குப் போறப்பக்கூடத் தெருவச் சுத்திக்கிட்டுப் போனேன்" என்றார். மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். நான் வெளியே வந்தேன்.

மே 9

வியாழன். ஹார்ன் சத்தம். கார் கிளம்பும் சத்தமும் கேட்டது. ஜன்னலுக்குப் போகவில்லை.

ஜூலை 17

நடுக் குளிர்காலம். மெரிலினுக்குத் தூக்கமில்லை. அவள் படுக்கையறை விளக்கு என் சுவரில் விழுகிறது. என் ஜன்னல் திரைச்சீலையை மூடவில்லை. நான் பார்க்க வேண்டியதுதான்.

நவம்பர் 7

சமூகக்கூடத்தில் இந்த வருடமும் பேசச் சொன்னார்கள். போனேன். ஆண் செடியைப் பற்றிச் சொல்லும் இடத்தில், போன கோடையில் நம் தெருவைக் கெடுத்த செடி என்னுடையது, தாவோருடையது அல்ல என்று சொன்னேன். தாவோர் கடைசி வரிசையில் இருந்தார். யாரும் கைதட்டவில்லை. பிறகு ஒரு அம்மாள் எழுந்து உரம் பற்றிக் கேட்டாள்.

பிப்ரவரி 6

தாவோர் பக்கவாட்டுக் கதவைத் தட்டினார். கழுத்தில் லென்ஸைக் கயிறு கட்டி மாட்டியிருக்கிறார். இப்போதெல்லாம் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை.

"கடலுக்குக் கிளம்பியாச்சா, நோலீன்? அதுக்கு முன்னால காட்டுங்க."

என் இரண்டு செடிகளையும் கணுக் கணுவாகப் பார்த்தார். பெரியதிடம் நீண்ட நேரம் குனிந்து நின்றார். காலையில்தான் நான் அதைப் பார்த்து, பெண் என்று முடிவு செய்திருந்தேன். லென்ஸை என்னிடம் கொடுத்தார். மேல்கணுவில் இழை இருந்தது. கீழே, இலைக்குப் பின்னால், உருண்டை.

"ரெண்டும் இருக்கே, தாவோர்."

"ரெண்டும் இருந்தா?"

"பிடுங்கணும். அதுவும் மகரந்தம் விடும்."

பிடுங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெரிலின், "மெதுவா, இடுப்பப் பாத்துடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நானும் தாவோரும் அவளுடைய இரண்டு செடிகளையும் பார்க்கப் போனோம். இரண்டுமே பெண்.

முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு என்று இனி யாராவது கேட்டால் நான் சொல்லப்போவது ஒன்றுதான்: உங்கள் செடி பூக்கத் தொடங்கும் வாரத்தில், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, லென்ஸை அவர் கையில் கொடுத்து, அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.