பெயர் தைக்காத சட்டை

அம்மாவுக்கு உன் தடியன் டெல்பர்ட்டின் வணக்கம். முட்டி வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. தொப்பை என்னைவிட நன்றாக இருக்கிறது.

நான் புல் வெட்டுகிற மெல்போர்ன் மைதானத்தில்தான் அப்பா அந்தக் காலத்தில் கால்பந்து ஆடினாராம். வெள்ளைக்காரர்கள் அறைக்குள் உடை மாற்ற, நம் பூர்வகுடிக் கறுப்பு ஆட்கள் வெளியே அத்தி மரத்தடியில் மாற்றியிருக்கிறார்கள். இப்போது மெரிண்டா என்ற நம் இனத்து ஓவியக்காரி நம் ஆட்கள் அன்று போட்டு ஆடிய சட்டைகளைப் போலவே புதிதாகத் தைத்து, பெயரும் போட்டு அந்த மரத்திலேயே தொங்கவிட்டிருக்கிறாள். ஒன்றில் மட்டும் பெயரில்லை.

"ஏம்மா, நூல் தீந்துபோச்சா?" என்றேன்.

"அது உங்கப்பா சட்டை, மாமா. செத்தவங்க பேரை வீட்டுல கேக்காம போடலாமா? உங்கம்மா சரின்னு சொல்லட்டும்."

அந்தச் சட்டையின் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்பா போனதிலிருந்து, நம் வழக்கப்படி, நீ அவர் பெயரைச் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல வேண்டாம். சம்மதமா என்று மட்டும் எழுது. இல்லையென்றால் சட்டை வெறுமனே ஆடட்டும், யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அவருடைய பச்சைக் கம்பளிச் சட்டை இருந்தால் அனுப்பு. இங்கே குளிர், பேச்சுத்துணையும் குறைவு.

நிறுத்துகிறேன். மைதானத்துக் கால்பந்து கிளப்காரர்கள், "வெளியிலயே நிக்கிறியே, உள்ள வாப்பா, டீ ஆறுது" என்று கூப்பிடுகிறார்கள். இதை அப்பாவிடம் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

உன் மகன்,
டெல்பர்ட்