ஆசாரி அடித்த வளையம்

அம்மாடி மருமகளே,

இன்று காலை உன் அத்தை தண்ணீர்ப் பானையைக் கழுவத் தூக்கினாள். அடியில், பானை உருளாமல் தாங்கிக்கொண்டு கிடந்தது அந்த இரும்பு வளையம். "துருப்புடிச்சுப் போச்சு. பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுரவா?" என்றாள். நான் போட்ட கூச்சலில் திருவரங்குளத்துக் கோயில் மணி தானாக ஆடியதாகக் கேள்வி. பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கையெல்லாம் துரு வாடை. அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய்.

அப்போது கல்லூரியில் படித்த பெண்களே ஏழு பேர்தான். அந்த ஏழு பேரையும் சேர்த்துக் கூடைப்பந்து அணி என்றாய். அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவள் புதுக்கோட்டையிலேயே நீ ஒருத்தி. திருச்சியில் பள்ளிக்கூடம் படித்தபோது பார்த்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்கள் ஓடிய ஓட்டத்தில் எழுந்த புழுதி மூன்று நாள் சூரியனை மறைத்தது. குறைத்துத்தான் சொல்கிறேன்.

பந்து போடும் வளையம் செய்ய, தாய்மாமன் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு திருக்கோகர்ணத்து ஆசாரியிடம் போனாய். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டுகிறவர். சக்கரத்துக்கும் பட்டாவுக்கும் நடுவே எறும்பு நுழைந்தால்கூட அவருக்குத் தூக்கம் வராது.

"என்ன அளவு தாயி?"

"பந்து உள்ள போயி வெளிய வரணும், ஆசாரி."

"அப்பப் பந்தக் குடுத்துட்டுப் போங்க. கச்சிதமா அடிச்சுத் தாரேன்."

அடித்தார். பந்துக்கும் இரும்புக்கும் ஒரு விரல் இடைவெளி. நீ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். காசைக் கொடுத்தாய். கல்லூரி மைதானத்தில் நட்ட கம்பத்தில் அதுவே ஏறியது.

அதன்பிறகு மாதக்கணக்கில் பந்து விளிம்பில் பட்டுத் தெறித்ததுதான் மிச்சம். என்றைக்காவது ஒன்று உள்ளே விழுந்தால் ஊருக்கே பொங்கல். வேலியோரம் நின்று சிரிக்காத ஆள் இல்லை. கடைசியில் திருச்சிக் கல்லூரி அணியோடு ஒரு போட்டி வந்தபோது முதல்வரும் சொல்லிவிட்டார்: "திருச்சியில தோத்துட்டு வந்தீங்கன்னா கம்பத்தப் புடுங்கிருவேன்மா. அதோட பொம்பளப் புள்ளைங்க ஆட்டம் முடிஞ்சுது."

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ். அது நம்மைச் சுமந்ததைவிட நாம் அதைத் தள்ளிய தூரமே அதிகம். இறங்கியபோது எட்டுப் பேரும் கரிக்கட்டை.

திருச்சி மைதானத்து வளையத்தைப் பார்த்ததும் உன் தோழி வாயைப் பிளந்தாள். "ஏடி, என்னடி இது, கெணறு மாதிரி கெடக்கு!"

நீ மட்டும் வியக்கவில்லை. "நம்ம வளையம்னே நெனச்சுப் போடுங்கடி" என்றாய்.

போட்டீர்கள். விளிம்பைத் தொடாமலே பந்து விழுந்தது, மறுபடி விழுந்தது. எண்ணிக்கை எழுதியவரின் பென்சிலிலிருந்து புகை வந்தது. எதிரணிப் பெண்கள் பந்தை விட்டுவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயித்தீர்கள், கம்பம் பிழைத்தது. முதல்வர் புது வளையம் வாங்கித் தருவதாகச் சொன்னபோது, "இதுவே இருக்கட்டும் சார்" என்றாய். அப்போதுதான் எனக்குள் அந்தக் குறுகுறுப்பு புகுந்தது.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "தெரிஞ்சேதான் சின்னதா அடிக்க விட்டியா?"

"அது தெரிஞ்சுட்டா அப்பறம் எதை வச்சுக் கதை அளப்பீங்க மாமா?" என்று சிரித்தாய். படிப்பு முடிந்த வருடம் வளையத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாய், பதிலைக் கொடுக்கவில்லை. உன் கருமாதியன்று உன் தோழியிடமும் கேட்டுப் பார்த்தேன். "எனக்கும் சொல்லலயே" என்று அழுதாள்.

இதுவரை ஊருக்கு ஆயிரம் விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஆசாரியின் பிசகு என்று ஒரு நாள், உன் தந்திரம் என்று ஒரு நாள்.

இன்று மாலை அதைப் பின்பக்கத்து வேம்பில் ஆணியடித்து மாட்டிவிட்டேன். பானை சாய்கிறது என்று அத்தை கத்துகிறாள். கந்தல் துணியைப் பந்தளவுக்குச் சுருட்டி, இருட்டும்வரை எறிந்து பார்த்தேன். இந்த ஒரு சேதியில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, அம்மாடி. ஒன்றுகூட உள்ளே விழவில்லை.