நாற்றமில்லாக் கயிறு

திருவும் திறலும் குன்றாத வெண்கடம்ப நாட்டு வேந்தர், மூன்று ஆறும் ஒரு கடலும் ஆளும் ஆதன் சேந்தர் திருமுன், முகில்துறைக் காவலன் கோடன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையில் விளக்கும் களஞ்சியத்தில் நெல்லும் நிறைக. இத்துறையில் நிலைமை அப்படியில்லை; ஆதலால் வாழ்த்தை இத்துடன் நிறுத்துகிறேன்.

கடந்த ஆடியில், கூடத்துக்கு இரண்டு கயிறு திரிக்கும் ராட்டையோடு பிழைத்துக் கிடந்த எங்கள் பதின்மூன்று கயிற்றுக் கூடங்களும் வளர வேண்டுமெனத் திருவுளம் கொண்டு, நிலமும் நூறு ராட்டையும் வழங்கி, பன்னிரண்டு புதுக் கப்பல்களுக்கும் கூடத்தாரே வடம் திரிக்க ஆணையிட்டீர்கள். எந்த வேந்தரும் செய்யாத நன்மை அது. ஆனால் தை முடிவதற்குள் வடம் வராத கூடத்தின் நிலம் பறிக்கப்படும் என்று அரண்மனைக் கண்காணிகள் அவ்வாணையில் ஒரு வரி சேர்த்தார்கள். தேங்காய் மட்டை உப்பங்கழி நீரில் பத்து மாதம் ஊற வேண்டும். அதை அவர்கள் கேட்கவில்லை. சொல்ல இங்கே எவருக்கும் துணிவில்லை. மூன்றாம் மாதமே கூடத்தார் மட்டையை வாரி அடித்து நார் எடுத்துவிட்டார்கள்.

நன்றாய் ஊறிய நாரில் சேற்று நாற்றம் லேசில் போகாது. வடம் ஒப்படைத்த விழாவில், இந்த வடத்தில் நாற்றமே இல்லை என்று அவையோர் புகழ்ந்தார்கள். மட்டை அடித்தவள் மகன் நான்; பதினாறு வயதுவரை அந்தச் சேற்றில் நின்றவன். நார் ஊறவில்லை என்று மூக்கே சொல்லிற்று. விழாவைக் கெடுக்க அஞ்சி, வடம் தகுதியானது என்று முத்திரை வைத்தேன். அது என் குற்றம்.

நேற்று நண்பகல், காற்றே இல்லாத வேளையில், முதற்கப்பலின் நங்கூர வடம் தானாய் அறுந்தது. கப்பல் துறைச்சுவரில் மோத, இடையில் நின்ற இருவர் நசுங்கி மாண்டனர். கூடத் தலைவி உலகியை அழைத்து வினவினேன். அவள் மொழிந்ததை மாற்றாமல் எழுதுகிறேன்: "பத்து மாசப் பிள்ளைய மூணு மாசத்துல பெத்துக் குடுன்னீங்க. நெலம் போயிருமேன்னு பெத்துக் குடுத்தோம். இப்ப ஏன் நடக்கலன்னு என்னையக் கேட்டா எப்புடிய்யா?"

எஞ்சிய பதினொன்றும் எண்ணூறு பேரோடு நாளை மறுநாள் புறப்படக் காத்திருக்கின்றன. தங்கள் தம்பியார் இளையகோவும் அவற்றுள் ஒன்றில் இருக்கிறார். நான் துறைவாயில் இரும்புச் சங்கிலி கட்டிவிட்டேன். அதை வெட்டிக்கொண்டு போவேன் என்று அவர் சொல்லியனுப்பியிருக்கிறார்; வெட்டுவார். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டிருக்கிறது. அவரைத் தடுக்கும் சொல் தங்களிடம் மட்டுமே உண்டு.

கூடத்தாரைத் தண்டிக்க வேண்டாம். நிலம் அவர்களிடமே இருக்கட்டும். ஆணையில் தை என்று தவணை குறித்த வரியை அழித்துப் பத்து மாதம் கொடுங்கள். தண்டனை எனக்குரியது, வந்து ஏற்பேன்.

இவ்வோலையைக் கட்டிய புரி அந்த வடத்திலிருந்து பிரித்தது. முடிச்சை அவிழ்க்கப் பொறுமையின்றி இழுத்துத்தான் பிரித்திருப்பீர்கள். அது எவ்வளவு எளிதாய் அறுந்தது என்பது தங்கள் விரலுக்குத் தெரியும். அதை நினைந்து ஆணையிடுக.

மாசித் திங்கள் இருபதாம் நாள். முகில்துறை மீன் முத்திரை. இம்முறை மோந்து பார்த்த பின்பே வைத்தேன்.