ஒரு வாய்ப் பழக்கம்

இன்று காலை உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டை வெயிலில் போடலாம் என்றுதான். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியதும், எதிரே நின்று நீங்கள் பித்தான் மாட்டுகிற மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்த நாளிலிருந்து நான் கோயிலுக்குப் போகாமலே இருந்தேன். இதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

சிரிக்காதீர்கள். உங்களைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவர அத்தனை பாடுபட்டவள் நான்தான், தெரியும்.

யுத்தம் முடிந்த வருஷம் விஷக்காய்ச்சலில் நம் மகள் எஸ்தரைப் பறிகொடுத்தோம். அவளை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, கோயில் வாசலில் போதகர் ஐயா உங்கள் தோளைத் தொட்டு ஏதோ ஆறுதல் சொன்னார். நீங்கள் கையைத் தட்டிவிட்டீர்கள். "ஐயா, இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன். உங்க ஆண்டவருக்கும் எனக்கும் இனிமே ஒண்ணுமில்ல" என்றீர்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவர், வழக்கம்போலத் திரும்பிப் பார்த்து, "சரி, போயிட்டு வரேன்" என்றீர்கள். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனித்திருக்க மாட்டேன், போதகர் ஐயாவின் முகம் மாறியதைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அதன்பிறகு எத்தனையோ ஞாயிறுகள். என்னைக் கோயில் கேட்வரை கொண்டுவந்து விடுவீர்கள். எதிர்ப்புறத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆராதனை முடியும்வரை நிற்பீர்கள். வீட்டுக்குப் போய்விடலாமே என்றால், "நீ தனியா வரணுமேன்னு நிக்கிறேன்" என்பீர்கள். நம் வீடு அடுத்த தெருவில் இருந்தது.

நீங்கள் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள் சாப்பிடும்போது நீங்களாகவே சொன்னீர்கள்: "கவுண்டருக்கு வர்ற ஒவ்வொருத்தனுக்கும் எந்த ஊருக்குப் போகணும்னு தெரியுது. உள்ள உக்காந்திருக்கிற எனக்குத்தான் தெரியல. எதுக்குப் பொறந்தோம், எங்க போறோம், ஒண்ணும் புரியல." சொல்லிவிட்டு மோர் கேட்டீர்கள். நான் மோரை ஊற்றினேன்.

சபையில் சிலர் உங்கள் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பேச்சைக் கிளப்பினார்கள். போதகர் ஐயா மறுத்துவிட்டார். "அவர் வரேன்னு சொல்லிட்டுத்தானே போனார்? ரிட்டன் டிக்கெட் எடுத்தவரை ஊருக்குள்ள வராதேன்னு சொல்ல முடியுமா?" என்றாராம். அதை வந்து உங்களிடம் சொன்னேன். உங்களுக்கு வந்ததே கோபம். "அது வெறும் வாய்ப் பழக்கம்டி. அதைப் போய் ஐயா பிடிச்சிக்கிட்டாரா?"

அன்றிலிருந்து நாக்குக்குக் காவல் போட்டீர்கள். வேலைக்குக் கிளம்பும்போதுகூட ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "வரேன்னு சொல்ல இஷ்டமில்லேன்னா போறேன்னே சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன்.

"சீ, அதை எப்படிச் சொல்றது?"

"வீட்டுல சொல்ல முடியலேன்னா, ஆண்டவர்கிட்ட மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?"

நீங்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டீர்கள். வேலைக்கும் அன்று தாமதம்தான்.

அடுத்த ஞாயிறு கேட்டுக்கு வந்ததும் மரத்தடிக்குப் போகவில்லை. என் பின்னாலேயே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். எழுந்து நின்று சாட்சி சொல்லவில்லை, அழவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது போதகர் ஐயா "வாங்க" என்று மட்டும் சொன்னார், போன வாரமும் பார்த்தவரைப் போல.

வழியில் கேட்டேன், எப்படி மனசு வந்தது என்று.

"இத்தனை நாளும் மரத்தடியில நின்னு ஆண்டவரோட சண்டைதான் போட்டுக்கிட்டிருந்தேன். கால் வலிக்குது. உள்ள உக்காந்தே போடலாம்னு வந்துட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா பாதியில எழுந்து போகல. எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கிட்டிருக்கார். அவர்கிட்டதான் போய்ச் சேரணும்போல. அதுவரைக்கும் பேசிக்கிட்டே போறதுதான் நம்ம வேலை."

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் பெரிய வேதாந்தம் என்று நினைத்திருப்பேன். நீங்கள் சொன்னதால் சிரித்தேன். அன்று உங்கள்மேல் எனக்கு இருந்த பிரியத்தைச் சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டு நடுத்தெருவில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது என் முறை. கடைசி நாளன்று காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை ஏதோ கேட்க வாயெடுத்தீர்கள். அதற்குள் முடிந்துவிட்டது. என்ன கேட்க வந்தீர்கள் என்பதைக்கூட எனக்கு விட்டுவைக்காமல் ஆண்டவர் எடுத்துக்கொண்டாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வந்தவர்களெல்லாம் நல்ல சாவு என்றார்கள். யாருக்கு நல்லது?

கோட்டைப் பெட்டியின் மேலேயே விட்டுவிட்டு, முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு கிளம்பினேன். கோயிலில் ஞாயிறு ஆராதனைப் பாட்டு ஆரம்பித்திருந்தது. நான் பாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மனதில் இருந்ததையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். எனக்கு இத்தனை வாய் உண்டென்று உங்களுக்கே தெரியாது. எஸ்தரின் கணக்கையும் சேர்த்துக் கேட்டேன். அவளுக்காக நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை, நீங்கள் ஒருவர் போட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆசீர்வாதம் சொல்லி எல்லாரும் எழுந்தபோது நான் பாதிகூடக் கேட்டு முடிக்கவில்லை. மீதி அடுத்த ஞாயிறு.