மடியில் வைத்த கைகள்

கில்ரோவன், கிளேர், அயர்லாந்து
மார்ச் 6, 1989

யூனாவுக்கு,

முப்பது வருடம் கழித்து உன் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்துவிட்டது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் பின்னலை மைக்கூட்டில் நனைத்தாயே, அது என்ன கிழமை என்றுகூடச் சொல்வேன். செவ்வாய்.

சுகம் கேட்டிருக்கிறாய். முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். வீட்டுக்காரர் போய் ஆறு வருடமாகிறது. பேரப்பிள்ளைகள் ஐந்து. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் எனக்கொன்றும் நட்டமில்லை.

ஆகஸ்டில், ஊர் ஊராக ஆட்டத்துக்கு வாசித்த நம் கெய்லி பேண்டுக்குப் பாதிரியார் விழா எடுக்கிறார் என்று யாரோ உனக்கு எழுதிவிட்டார்கள். உண்மைதான். பத்துப் பேரில் உயிரோடு இருப்பது உன்னையும் சேர்த்து நாலே பேர். அதே பழைய மண்டபம்தான். ரேடியோக்காரர்களும் வருகிறார்களாம். நானும் வந்து பிடில் வாசிக்கட்டுமா என்று கேட்கிறாய்.

வராதே.

அகில அயர்லாந்துப் போட்டி நடந்த அந்த ஊரின் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. நம் பேண்டுக்குத் தலைவர் மார்ட்டி லினேன் அன்று காலையில் உன்னைக் கூப்பிட்டு என்ன சொன்னார்? "யூனா, மேடையில இருக்கற பியானோவ உன் பிடிலோட ஒத்துப் பாத்துட்டு வா புள்ள." போனாய். வந்தாய். "எல்லாம் சரியா இருக்கு மார்ட்டி" என்றாய்.

மேடையேறினோம். ஸ்டீவி டிரம்மின் மரக்கட்டையில் இரண்டு தட்டு தட்டினான். நான் கை வைத்தேன். பியானோ அரைக்கட்டை இறங்கிக் கிடந்தது. உங்கள் சுருதி ஒரு பக்கம், என் சுருதி ஒரு பக்கம். கையை எடுத்து மடியில் வைத்தேன். மூன்று மெட்டும் முடிகிற வரைக்கும், அத்தனை ஆயிரம் பேர் பார்க்க, மடியில் கையோடு உட்கார்ந்திருந்தேன். பியானோ இல்லாமலே அரை மார்க்கில்தான் தோற்றோம். இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். மார்ட்டி அதற்கப்புறம் பேண்டு கட்டவே இல்லை. அவருடைய புல்லாங்குழல் பரணில் கிடந்து காய்ந்து வெடித்தது.

இங்கே யாரும் அதை மறக்கவில்லை. மறந்தவர்களுக்கு நான் ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.

டீலியா


பாஸ்டன்
மார்ச் 27, 1989

அன்புள்ள டீலியா,

திட்டுவதற்காவது எழுதினாயே. அடுப்படியில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன்.

நீ சொல்வது சரி. நான் பியானோவைப் பார்க்கவில்லை. மண்டபத்துக்குப் போகிற வழியில், தெருவோரம் ரோஸ்காமன்காரர்கள் நாலு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நின்று கேட்டேன். நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். எல்லாம் சரியா இருக்கு என்று.

இங்கே வந்த நாள் முதல் பிடில் பெட்டியைத் திறக்கவில்லை. நினைப்பை என்ன செய்ய? பத்துப் பேர் இரண்டு காரில், பெரிய டிரம்மைக் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, எந்த மழையில் எந்த ஊருக்கெல்லாம் போனோம். ஆடுகிற தரையில் கால் சறுக்கி ஆடச் சோப்புத் தூள் தூவியிருப்பார்கள், வாசலிலேயே அந்த வாசனை வரும். இடைவேளையில் பின்னறையில் டீயும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும். "பியானோக்காரிக்கு ரெண்டு துண்டு வைங்கப்பா, அவ கைதான் நமக்கு அஸ்திவாரம்" என்று மார்ட்டி சொல்வார். நீ மூன்று எடுப்பாய். தவக்காலம் நாற்பது நாளும் ஆட்டம் கிடையாது, டிரம்மைக் கம்பளி போட்டு மூடிவிடுவோம். ஈஸ்டர் ஞாயிறு அன்று ஸ்டீவியின் இரண்டு தட்டு கேட்டதும் மொத்த மண்டபமும் ஒரே காலாக மிதிக்குமே, என் பல்லெல்லாம் அதிரும். அதுபோல எதுவும் இந்த ஊரில் நான் கேட்டதில்லை.

போட்டிக்குப் போகும்போது காரில் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஜெயிச்சா நான் அமெரிக்கா போயிடுவேன் டீலியா. தோத்தா இன்னும் ஒரு வருஷம் இருந்து, ஜெயிச்சுட்டுத்தான் போவேன்." தோற்றோம். ஆனால் இருக்க முடியவில்லை. திரும்பும்போது என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, நீயும்கூட. மூன்றாம் நாளே ஊரைவிட்டுக் கிளம்பினேன். அம்மா செத்தபோதும் உங்கள் முகங்களுக்குப் பயந்து வராமல் இருந்துவிட்டேன்.

ஆகஸ்டில் வருகிறேன். வாசிக்க அல்ல. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, மார்ட்டியின் மனைவி ஆக்னஸிடம் மன்னிப்புக் கேட்க. அப்புறம் கல்லறைக்குப் போய் அவரிடம். அதைச் செய்யாமல் சாக எனக்கு மனமில்லை.

அன்புடன்,
யூனா


கில்ரோவன்
ஏப்ரல் 10, 1989

யூனா,

அவசரமாக எழுதுகிறேன். ஆக்னஸுக்கு எண்பத்தாறு வயது. பாதி நாள் ஆள் அடையாளம் தெரிவதில்லை. நீ யாரிடம் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறாய்? மண்டபக் கூரையும் ஒழுகுகிறது. விழா நடக்குமா என்பதே சந்தேகம். இந்த வயதில் விமானமெல்லாம் உனக்கு வேண்டாம்.

உன் அம்மா சாவுக்கு நீ வராத காரணம் எனக்குத் தெரியாது. "அமெரிக்கக் கொழுப்பு, பெத்தவளுக்கு மண்ணு போடக்கூட வரல" என்று ஊரில் முதலில் சொன்னது நான்தான்.

டீலியா


பாஸ்டன்
ஏப்ரல் 24, 1989

அன்புள்ள டீலியா,

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஷானன் விமான நிலையத்தில் இறங்குகிறேன். நீ தடுக்கிறது எதற்கென்று எனக்குப் புரியாமல் இல்லை. ஊர் முன்னால் நான் தலைகுனிவதை உன்னால் பார்க்க முடியாது. உன் கோபமெல்லாம் வாயோடுதான், அன்றும் அப்படித்தானே. நீ என்னிடம் இவ்வளவு இரக்கம் காட்டுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

நான் பேசி முடித்ததும் நீ பியானோவில் உட்கார்ந்தால் போதும். அதைப் பார்த்துவிட்டால் போதும்.

உன் யூனா


கில்ரோவன்
மே 8, 1989

அன்புள்ள யூனா,

என் கடிதத்தைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்துவிடு.

எங்கள் வீட்டுப் பியானோ ஏலத்தில் வாங்கியது, உனக்குத் தெரியும். கம்பி தளர்ந்து அரைக்கட்டை இறங்கிப்போயிருந்தது. சனிக்கிழமை ரேடியோவில் பேண்டுகள் வாசிக்கும்போது கூடவே வாசிக்க எனக்கு ஆசை. அதனால் எல்லாவற்றையும் அரைக்கட்டை மேலே தள்ளி வாசிக்கப் பழகினேன். இரண்டு வருடம் ஆனது. யாரிடமும் சொல்லவில்லை, சிரிப்பார்கள் என்று.

அன்று மேடையில் முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. விரல்கள் என்னைக் கேட்காமலே அரைக்கட்டை தள்ளிப் போயின. சரியாகவும் விழுந்தது. அப்போது எனக்கு முன்னால் உன் முதுகு தெரிந்தது. உன் பச்சைச் சட்டையின் முதுகுப் பக்கத்து மேல் பொத்தானை அன்று காலையில் நான்தான் தைத்துக் கொடுத்திருந்தேன். ஜெயித்தால் போய்விடுவாள் என்று நினைத்தேன். கையை எடுத்து மடியில் வைத்துவிட்டேன்.

தோற்றால் ஒரு வருடம். ஒரு வருடத்தில் எதையாவது சொல்லி உன்னை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பழி உன் தலையில் விழும் என்று யோசிக்கவில்லை. விழுந்தபோது தடுக்கவும் இல்லை. திரும்பும் வழியில் ஸ்டீவி கேட்டான்: "ஏன் டீலியா, அரைக்கட்டை தள்ளி வாசிக்க வராதா உனக்கு?" நான் சொன்னேன்: "நாலாங்கிளாஸ் படிச்சவளுக்கு அதெல்லாம் எப்படிப்பா வரும். பாக்கவேண்டியவ பாத்திருக்கணும்." அதையே பிடித்துக்கொண்டேன். நீ போன பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னேன். நீ போனதில் எனக்கு வந்த கோபம் நிஜம், யூனா. ஊருக்குச் சொன்ன காரணம்தான் பொய்.

நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீ வா. நான் எழுந்து சொல்கிறேன்.

டீலியா


பாஸ்டன்
ஜூன் 2, 1989

டீலியா,

நான் வரவில்லை.

பியானோவைப் பார்த்தேன் என்று சொன்ன பொய் என்னுடையது. அதை நானே வைத்துக்கொள்கிறேன். மெடல் போனது போகட்டும்.

ஆனால் அன்றைக்கு என்னிடம் கப்பல் டிக்கெட் கிடையாது. எடுக்க நினைக்கவும் இல்லை. காரில் அப்படி ஏன் சொன்னேன் தெரியுமா? "போகாதடி" என்று நீ ஒரு வார்த்தை சொல்வாய் என்று. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "ம்" என்றாய்.

என் அம்மா கடைசி மூன்று நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அக்கா எழுதினாள். அந்த வாசலில் நான் நிற்காததற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இனி எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

யூனா


கில்ரோவன்
ஆகஸ்ட் 21, 1989

அன்புள்ள யூனா,

பிரிக்க மாட்டாய் என்று தெரியும். நீ சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

விழா நேற்று நடந்தது. நல்ல கூட்டம். ஸ்டீவி, அக்கார்டியன் வாசிக்கிற கானர், நான். மிச்ச நாற்காலிகளுக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மெட்டுக்கு முன்னால் நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானைக்கூட விடவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன், "முப்பது வருஷத்துக் கதைய இப்ப யாரு கேட்டா? வாசிங்க பாட்டி" என்றான். சிரித்தார்கள். கை தட்டினார்கள். ஸ்டீவி மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஆக்னஸிடம் இறங்கிப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யூனாவா? அமெரிக்காலேருந்து எப்பம்மா வந்த?" என்றாள். "நான் டீலியா" என்றேன். அவள் காதில் விழவில்லை. "நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன்மா. அவரும்தான். சின்னப் புள்ள, தெரியாம சொல்லிட்டான்னுதான் சாகறவரைக்கும் சொன்னாரு. அந்த டீலியாதான் மன்னிக்கவே இல்ல. அவளப் போய்ப் பாரு, பாவம்."

நான் டீலியா என்று இன்னொரு தடவையும் சொன்னேன். தலையாட்டிச் சிரித்து, என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். அந்த மன்னிப்பு நீ வந்து வாங்கியிருக்க வேண்டியது. என் கன்னத்தில் விழுந்துவிட்டது. இதை உன்னிடம் சேர்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மேடைக்குத் திரும்பினேன். உன் நாற்காலியில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி பிடிலோடு இருந்தாள். அவள் முதுகு எனக்கு நேர் முன்னால். பியானோவில் ஒரு குறையும் இல்லை, யூனா. காலையிலேயே நானே போய் ஒத்துப் பார்த்திருந்தேன். ஸ்டீவி இரண்டு தட்டு தட்டினான். எல்லாரும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் கை மடியை விட்டு எழவில்லை.

டீலியா