மேற்கே இடித்த மூன்று சாயங்காலம்

அக்கா,

இன்று காலையில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் ரேடியோ பேசியது. கடைக்காரர் அதைப் புதிதாக வாங்கி, பொட்டு வைத்து, பூ சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார். செய்தி முடிந்து வானிலை சொன்னார்கள். மேற்கு மாவட்டங்களில் மாலையில் இடியுடன் மழை பெய்யலாம், கடலோரத்தில் மேல்காற்று பலமாக வீசலாம், கட்டுமரத்தில் செல்வோர் ஆழக்கடலுக்குப் போக வேண்டாம் என்று ஒருவர் நிதானமாகப் படித்தார். பெஞ்சில் இருந்த ஒரு ஆள், "இங்க எவன்யா கட்டுமரம் வெச்சிருக்கான்? அணைக்கட்டுல மண்ணு சுமக்கறவனுக்குச் சொல்றானா?" என்றான். கடையே சிரித்தது. என் கையிலிருந்த காப்பி முழுக்கச் சேலையில் கொட்டிவிட்டது. சுட்டுடுச்சா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தாலும் யாராவது படித்துத்தான் காட்டியிருக்க வேண்டும். அதனால்தான் எழுதவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். சாக்குச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, உனக்குத் தெரியாததா!

முதல் தடவை நான் உங்கள் குப்பத்துக்கு வந்தது நினைவிருக்கிறதா? மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளத்தைத் தாண்டி, பனங்காட்டுக்குள் லாரி புதைந்து நின்றுவிட்டது. டிரைவர் முனியப்பா ஓசூர்க்காரர்; வீட்டில் தெலுங்கு, லாரியில் கன்னடம், எங்களிடம் தமிழ். அன்றைக்கு மூன்றிலும் மணலைத் திட்டினார். புளி மூட்டையைக் கீழே கொண்டுவருவது, உப்பும் கருவாடும் மேலே ஏற்றிப்போவது, இதுதான் அந்த லாரியின் பிழைப்பு. நான் ஊத்தங்கரைச் சந்தையிலும் கிருஷ்ணகிரிச் சந்தையிலும் கருவாட்டுக் கடை போடுகிறவள். கடலை அதுவரை பார்த்ததே இல்லை. மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து பார்த்து, "இன்னாடி மலைக்காரி, தண்ணியப் பாத்து மெரண்டு நிக்கிற? கடிச்சிடாது, வா" என்றாய். அன்றிலிருந்து நீ அக்கா, நான் மலைக்காரி. என் பேரை நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவேன். வந்து முகம் கழுவுவதற்குள் நீ கேட்பது ஒன்றுதான்: "மேக்கே இடிச்சிதா? எந்தப் பக்கம்? எத்தினி சாயங்காலம்?" ஊர்க்கதை கேட்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, நீ கேட்டுச் சொல்வதற்காகக் கரையில் ஆண்கள் காத்திருக்கிறார்கள் என்று. "கடல்ல நின்னுக்கினு மேக்கே பாத்தா வெறும் பனந்தோப்புதான் தெரியுது. அதுக்குப் பின்னாடி இன்னா கெளம்புதுன்னு மலைமேல இருக்கிற நீதான் சொல்லணும்" என்றாய்.

கோடைக் கடலின் கணக்கை நீதான் எனக்குச் சொன்னாய். சித்திரையில் தண்ணீர் கிணற்று நீர்போலத் தெளிந்து கிடக்கும். விடியலில் தரைக்காற்று கட்டுமரத்தை வெளியே தள்ளிக்கொண்டு போகும். மத்தியானம் கடல்காற்று எழுந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். மலைப்பக்கம் ஒரு சாயங்காலம் இடித்தால் பரவாயில்லை, ஆழக்கடலுக்கே போகலாம். இரண்டு சாயங்காலம் இடித்தால் கரை கண்ணில் படுகிற தூரத்தோடு நின்றுகொள்ள வேண்டும். மூன்று சாயங்காலம் தொடர்ந்து இடித்துவிட்டால் அந்தக் காற்று மலையை விட்டு இறங்கிக் கடல்வரைக்கும் வரும். அன்றைக்கு யாரும் கட்டுமரம் ஏறக் கூடாது. கரைவலை போட்டு, மணலில் நின்று இழுப்பதோடு சரி. மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றுக்குக் கச்சான் என்று பேர் சொன்னாய். "கருவாடு காயறதுக்கு அதவிட நல்ல காத்து இல்ல. எங்க ஆளுங்களுக்கு அதவிடக் கெட்ட காத்து இல்ல" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்.

உன் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர். மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவர் உன் முகத்தைத்தான் பார்ப்பார். "அவ சொல்லட்டும்" என்பார். பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கடலுக்குப் போகிறவன் என்று குப்பத்தில் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அந்தச் சித்திரைக்கு வருகிறேன் அக்கா. இனிமேல் சுற்றி வளைக்கப் போவதில்லை.

ஊத்தங்கரைச் சந்தையில் எனக்கு எதிரே கடை போடுகிற ராஜம்மாவைப் பற்றி உன்னிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். அதற்கு முந்தின வருஷம் அவள் எங்கிருந்தோ கோலாக் கருவாடு கொண்டுவந்து பரப்பிவிட்டாள். பறக்கும் மீன், இறக்கை வைத்த மீன் என்று சந்தையே அவள் கடையில் மொய்த்தது. களி உருண்டைக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலி வாங்க வந்த என் வாடிக்கைக்காரிகள்கூட அங்கே போய் நின்றார்கள். "உன் கடையில எப்பவும் அதே நெத்திலிதானாடி?" என்று அவள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அடுத்த சித்திரையில பாரு. கோலா மொதல்ல என் கடையிலதான் எறங்கும். இல்லன்னா நான் கடையே போடல" என்று கத்திவிட்டேன். என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாம்.

கோலா கிடைப்பது ஆழக்கடலில். தழைக் கட்டுகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, முட்டை இட வருகிற மீனை அள்ள வேண்டும். போனால் மறுநாள்தான் திரும்ப முடியும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாங்கள் புறப்படுவதற்கு முன் மூன்று சாயங்காலமும் தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் இடித்தது. முதல் நாள் தூரத்தில். இரண்டாம் நாள் மின்னல் கண்ணைப் பறித்தது. மூன்றாம் நாள் காற்றில் எங்கள் தெரு மாமரத்துக் காயெல்லாம் உதிர்ந்து, நானே முறத்தில் பொறுக்கினேன். சிங்காரப்பேட்டையைத் தாண்டியபோது புளியமரக் கிளை ரோட்டில் விழுந்து கிடந்தது. ஆட்கள் வெட்டி இழுக்கிறவரை லாரி நின்றது. முனியப்பா, "அக்கையா, இது பெரிய காத்து" என்றார். அப்போதே என் மனசு முடிவு செய்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

காலையில் உங்கள் கரைக்கு வந்தோம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. மற்றவர்கள் பக்கத்துக் கடலில் வலை போடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கட்டுமரத்தில் மட்டும் தழைக் கட்டுகள் ஏறியிருந்தன. கூடப் போக இரண்டு பேர் நின்றார்கள். நீ ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாய்.

"இன்னாடி, மேக்கே இடிச்சிதா?"

"இல்லக்கா."

"ஒரு சாயங்காலம்கூடவா?"

"வெயிலு மண்டையப் பொளக்குதுக்கா. ஒரு பொட்டு மேகம் கெடையாது. மாமாவ கோலாவுக்கே போகச் சொல்லு."

பின்னால் முனியப்பா தொண்டையைக் கனைத்தார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவர் டயரைப் பார்க்கிறவர்போலக் குனிந்துகொண்டார். நீ மாமாவிடம், "போய்ட்டு வா. மேக்கே சுத்தமா கீதாம்" என்றாய். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "மலைக்காரிக்கு ஒரு கூடை தனியா எடுத்தாரேன்" என்றார். அவர் என்னிடம் சேர்ந்தாற்போலப் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

மத்தியானம் கடல்காற்று எழவில்லை. இலை அசையாத புழுக்கம். நீ இரண்டு தடவை வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மற்ற கட்டுமரங்கள் கரைக்குப் பக்கத்தில்தான் இருந்தன; துடுப்புப் போட்டுப் போய் யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ. சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாய் என்றுதான் என் மனசில் ஓடியது. அவர் என்ன ஆவார் என்று ஓடவில்லை. இதை எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது அக்கா.

நாலு மணிக்கு மேல் பனந்தோப்புக்குப் பின்னால் கறுத்தது. முதலில் மணல் பறந்து வந்தது, பிறகு காற்று. நீ காயப்போட்டிருந்த நெத்திலி பாயோடு தூக்கிக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது. நீ அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று அவர் பேரைச் சொல்லிக் கத்தினாய். உன் கத்தலையும் அந்தக் காற்று கடல்பக்கம்தான் கொண்டுபோயிற்று. நான் உன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். இழுத்தவளும் நானேதான்!

மூன்றாம் நாள், அவர்கூடப் போன இரண்டு பேரை வடக்கே வேறு குப்பத்தில் கரை சேர்த்தார்கள். கட்டுமரம் பிரிந்து, ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். மாமா வரவே இல்லை.

நீ தலையில் அடித்துக்கொண்டு அழுதாய். "என் வாயாலதான்டி போன்னு சொன்னேன். என் பேச்சக் கேட்டுத்தான்டி போச்சு" என்றாய். என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாய். என் வாயாலே போனார் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நான் உன் தலையைத் தடவி, "விதிக்கா, நீ என்ன பண்ணுவ" என்றேன். பொய் சொன்னதுகூட ஒரு நிமிஷத்துக் கிறுக்கு என்று விட்டுவிடலாம். உன் பாரத்தை உன் தலையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேனே, அதற்கு என்ன பேர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ராஜம்மாவின் கடைக்கு எதிரே நான் அந்த வருஷம் கடை போடவில்லை. உடம்பு சரியில்லை என்றேன். அவளே ஒரு நாள் வீடு தேடி வந்து, "என்னா ஆச்சுடி, முகம் இப்படிக் கெடக்குது?" என்று கேட்டு, ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். யாரை வெறுத்து அதைச் செய்தேனோ அவள் கையால் ரசம் குடித்தேன்.

ஆடி பிறந்ததும் மறுபடி உன்னிடம் வந்தேன். வராமல் இருந்தால் சந்தேகம் வரும் என்ற பயம் ஒன்று. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் தெரியாது. லாரியை விட்டு இறங்கியதும் நீ முன்போலவே கேட்டாய்: "மேக்கே இடிச்சிதா?" மேகம் கண்டது, காற்று அடித்தது, நாய் குரைத்தது வரைக்கும் சொன்னேன். அதற்குப் பிறகு நாலு வருஷத்துக்கு மேல் உன்னிடம் நான் ஒரு சொல் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நான் சொன்னபடி ஆண்கள் ஆழத்துக்குப் போனார்கள், பக்கத்தில் நின்றார்கள், கரைவலை இழுத்தார்கள். உன் குப்பத்தில் ஒருவரையும் மேல்காற்று கொண்டுபோகவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை.

தை மாதம் உனக்குக் காய்ச்சல் கண்டு, நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காரியம் முடிந்து லாரியில் திரும்பும்போது செஞ்சி தாண்டியதும் முனியப்பா வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

"அக்கையா, இனிமே சொல்லலாம். அந்த அம்மாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூணு நாள் இடிச்சது. காத்து அடிச்ச அடுத்த நடையிலேயே நான் சொல்லிட்டேன். என்னால தாங்க முடியல. நீ அந்த நடை வரல."

அவ என்ன சொன்னா என்று கேட்டேன்.

"காயப்போட்டிருந்த மீனத் திருப்பிப் போட்டுச்சு. அப்புறம், 'நீ சொன்னத அவகிட்ட சொல்லாத, அவளே வந்து சொல்லட்டும்'னு சொல்லிச்சு. 'இனிமே அவ வாயில பொய் வராது, எங்க ஆளுங்களுக்கு அது போதும்'னும் சொல்லிச்சு. என் புள்ள மேல சத்தியம் வாங்கிக்கிச்சு."

நீ என்னை மன்னித்தாயா, இல்லை மாட்டைச் செக்கில் கட்டுவதுபோலக் கட்டிப்போட்டாயா? இரண்டும்தானா? மூன்று மாதமாக இதையே போட்டு உருட்டுகிறேன். கேட்கலாம் என்றால் நீ இல்லை. உன்மேல் கோபம்கூட வருகிறது அக்கா, வெட்கமில்லாமல்! ஒரு தடவை என் முடியைப் பிடித்து இழுத்துக் கேட்டிருக்கக் கூடாதா?

ஆனால் நீ கேட்டாய். இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. வந்த ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு போட்டு, எதிரே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் மாங்காய் விளைச்சலைப் பற்றிப் பேசுவேன், அணைக்கட்டைப் பற்றிப் பேசுவேன், லாரி பழுதானதைப் பற்றிப் பேசுவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழம்பை ஊற்றிக்கொண்டே நீ கேட்பாய்: "அப்புறம்?"

நான் சொல்வேன்: "அவ்வளவுதான்க்கா."